ஓம் என்றால் ஆமாம்

1

யாழ்ப்பாணத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஆண்டு மலர் போடுகிறார்களாம். வெளிநாட்டில் படிப்பிக்கும் பழைய மாணவி என்ற முறையில் நான் ஐந்தாறு பக்கம் எழுதி அனுப்ப வேண்டுமாம். அந்த ‘வெளிநாடு’ என்ற சொல்லைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில், இவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என்ன என்று கேட்டார். லண்டனுக்குப் போனவள் வெளிநாட்டுக்குப் போனவள். நான் வந்தது பெங்களூருக்கு. தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் மாறி மாறி உட்கார்ந்திருந்தால் மூன்றாம் நாள் வந்துவிடலாம். இங்கேயும் முருகன் கோயில் இருக்கிறது. இங்கேயும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். நான் இருக்கும் அல்சூர்ப் பக்கத்தில் தெருவில் பாதிப்பேர் பேசுவது தமிழ்தான்.

ஆனாலும், போலீஸ் அலுவலகத்தில் அன்னியருக்கென்று ஒதுக்கிய அறையில், ஒரு ஜெர்மன்காரருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாருக்கும் நடுவில் நீள மர வாங்கில் உட்கார்ந்திருக்கும்போது இது வெளிநாடுதான். அதை நான் மறுக்கவில்லை.

வருகிற ஆனி மாதத்தோடு நான் இங்கே படிப்பிக்கத் தொடங்கிப் பத்து வருஷம். அதைக் கொண்டாட இதைவிட நல்ல சாட்டு கிடைக்காது. ஆகவே அறிவுரை, ஆசிச் செய்தி எல்லாவற்றையும் மற்றப் பழைய மாணவிகளுக்கு விட்டுவிடுகிறேன். நான் எழுதப்போவது, ஒரே ஒரு சொல்லால் மாட்டிக்கொண்டு அதே சொல்லால் ஜெயித்து வந்த கதை. பெருமையடிக்கிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். பெருமையடிக்கத்தான் எழுதுகிறேன்.

2

இவர் இங்கே ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் படம் வரையும் வேலைக்கு வந்தார். நான் பின்னால் வந்தேன். ஊரில் ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவள், இங்கே வந்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று.

பாஷை வேறு. வந்த மறுநாள் காலை பால்காரர் செம்பில் பாலை ஊற்றிக்கொண்டே “சாக்கா?” என்று கேட்டார். பால்காரருக்கு எதற்குச் சாக்கு என்று எனக்கு விளங்கவில்லை. புது ஊரில் முதல் நாளே இல்லை என்று சொல்லக்கூடாது என்று உள்ளே ஓடிப்போய், சாமான் கட்டி வந்த சணல் சாக்கை உதறி எடுத்துக்கொண்டு வந்து நீட்டினேன். அதற்குள் செம்பு நிரம்பிப் பால் வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. கன்னடத்தில் அந்தச் சொல்லுக்குப் போதும் என்று அர்த்தம். போதுமா என்று கேட்ட மனிதருக்குச் சாக்குக் கொடுத்த அம்மா என்று அந்தத் தெருவில் எனக்குப் பெயர் விழுந்தது. இப்போது அதே பால்காரரோடு கன்னடத்திலேயே சண்டை பிடிக்கிறேன். பாலில் தண்ணீர் என்று ஏழு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியும்.

கன்னடம் படி என்று என்னை ஒருவரும் நெருக்கவில்லை. அதனால்தானோ என்னவோ ஆசையாகப் படித்தேன். கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்க்கும் அண்ணாவைச் சிங்களச் சோதனை எழுது, இல்லாவிட்டால் வேலை உயர்வு இல்லை என்று நெருக்கினார்கள். அவர் புத்தகத்தைத் தொடவும் மாட்டேன் என்று நிற்கிறார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான் நாங்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அல்சூர் ஏரிக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்கு ஆள் தேவை என்று தெரிந்தது. அரசாங்க உதவி பெறும் பள்ளி. ஓடு வேய்ந்த ஒரே நீள மண்டபம், வகுப்புக்கு வகுப்பு மூங்கில் தட்டி. மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொன்னால் ஐந்தாம் வகுப்புக்கும் மனப்பாடமாகிவிடும். தலைமை ஆசிரியை சாரதாம்மா. அவருடைய தகப்பனார், பாட்டனார் எல்லாம் மைசூர் ராஜாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர்கள். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார், அது அவருக்கே தெரியாது. என் சான்றிதழைப் பார்த்துவிட்டு நாளைக்கே வா என்றார். நான் வேலை பார்க்கப் போலீஸ் அலுவலகத்தில் தனி அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. அதற்கு நடந்த நடையில் இரண்டு செருப்புத் தேய்ந்தது.

நாற்பத்திரண்டு பிள்ளைகள். தகப்பன்மார் பஞ்சாலையில், ராணுவக் கிடங்கில், ரயிலில், வெள்ளைக்காரர் விட்டுப்போன பங்களாத் தோட்டங்களில் வேலை பார்த்தார்கள். மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரப் பிள்ளைகள், சைவப் பிள்ளைகள், பௌத்தப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பாயில். முதல் நாள் நான் பத்து நிமிஷம் பேசியிருப்பேன். முன் வரிசையில் இருந்த மாயாதேவி என்ற பெண் எழுந்து நின்றாள்.

“டீச்சர், நீங்க மலையாளமா?”

“இல்லை, தமிழ்.”

“அப்ப ஏன் டீச்சர் இப்டிப் பேசறீங்க?”

வகுப்பே என் வாயைப் பார்த்தது. “கதைக்காதேங்கோ!” என்று அதட்டினால், “நாங்க கதை சொல்லல டீச்சர், சும்மா பேசிக்கினு இருந்தோம்” என்பார்கள். ‘நாளைக்குச் சோதனை’ என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். மறுநாள் அத்தனை பிள்ளைகளும் நகம் வெட்டி, தலையில் எண்ணெய் வழிய வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். சோதனை என்றால் எங்களுக்குப் பரீட்சை, அவர்களுக்கு ஆளைச் சோதித்துப் பார்ப்பது. நல்ல வேளை, நகமாவது சுத்தமாயிற்று.

ஆனால் பிள்ளைகள் பிள்ளைகள்தான். ஒரு மாதத்துக்குள் அவர்களுக்கு என் பேச்சு பிடித்துப்போய்விட்டது. நான் “விளங்கிச்சோ?” என்று கேட்பேன். முதலில் “புரிஞ்சுது டீச்சர்” என்றார்கள். பிறகு என்னைப் பார்த்து “ஓம், டீச்சர்” என்றார்கள். நாற்பத்திரண்டு தொண்டைகள் ஒன்றாகச் சேர்ந்து இழுத்து ஓஓஓம் என்று சொல்லும்போது தட்டிக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு ஒரு கணம் பேசாமல் போகும். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வந்த இடத்தில் எங்கள் ஊர்ச் சொல்லை நாட்டிவிட்டேன் என்று அண்ணாவுக்குக் கடிதமும் எழுதினேன்.

3

ஒரு சனிக்கிழமை பின்னேரம் மாயாதேவியின் தகப்பன் முனிரத்தினம் எங்கள் வீட்டுக்கு வந்தார். பஞ்சாலையில் மேஸ்திரி. நாற்பது வயதிருக்கும், சலவைச் சட்டை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். நான் படியில் நின்றேன். உள்ளே வந்து இருங்கோ என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

“வணக்கம் டீச்சரம்மா. நான் மாயாதேவி அப்பா.”

“ஓம், சொல்லுங்கோ.”

அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

“அதான் டீச்சரம்மா. அதப் பத்தித்தான் பேசலாம்னு வந்தேன். நீங்க கிளாஸ்ல சொல்லிக் குடுக்கிறது எங்களுக்கு வேணாம். மத்த பசங்க எப்டியோ போவட்டும், எங்க பொண்ண மட்டும் உட்ருங்க.”

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பெண்பிள்ளைக்குப் படிப்பு வேண்டாம் என்று சொல்ல ஒரு மனிதர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

“பிள்ளைக்கு நல்லதைத்தானே சொல்லிக் குடுக்கிறன்? அதிலை உங்களுக்கு என்ன நட்டம்?”

“எங்களுக்கு வேணாம்மா. நாங்க அத விட்டுட்டவங்க.”

“நீங்கள் விட்டால் விடுங்கோ. பிள்ளை ஏன் விடவேணும்? நான் நிப்பாட்ட மாட்டன்.”

“நிறுத்த மாட்டீங்க?”

“மாட்டன்.”

அவர் கும்பிட்டுவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். நான் உள்ளே வந்து, பெண்கல்விக்காக ஒரு போர் நடத்தி முடித்தவள் போல இவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். “நல்ல அடி குடுத்திருக்கிறீர்” என்றார் இவர்.

4

மூன்று கிழமைக்குப் பிறகு சாரதாம்மா என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு நீளமான காகிதம் கிடந்தது.

“பரமேஸ்வரி, நீ கிளாஸ்ல பசங்களுக்கு ஓம் சொல்லித் தரியா?”

“ஓம்... இல்லை! ஓம் எண்டு சொல்லுறனான், ஆனால் சொல்லித் தரேல்லை.”

“ரெண்டுல ஒண்ணைச் சொல்லும்மா.”

முனிரத்தினம் கல்வி இலாகாவுக்கு மனுக் கொடுத்திருந்தார். அவர் சொன்னதோடு மனு எழுதிக் கொடுப்பவர் தம் கைச்சரக்கையும் சேர்த்து எழுதியிருந்தார். இலங்கைத் தீவிலிருந்து வந்த ஓர் அன்னியப் பெண், பௌத்த, கிறிஸ்தவக் குழந்தைகளைத் தினமும் பிரணவ மந்திரம் சொல்ல வைக்கிறாளாம். வேண்டாம் என்று தகப்பன் நேரில் போய்க் கேட்டும் நிறுத்த மாட்டேன் என்றாளாம். அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

சாரதாம்மா கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். “அவங்க மூணு தலைமுறையா பௌத்தர்கள். நீ சிலோன்லேருந்து வரேன்னதும் அந்த முனிரத்தினம் எத்தனை சந்தோஷப்பட்டார் தெரியுமா? புத்தர் தேசத்திலேருந்து டீச்சர் வராங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருந்தார். நீ என்னடான்னா...”

“நான் சைவம் அம்மா.”

“அது தெரியறதே. இப்ப விஷயம் அது இல்லை. மனுவோட ஒரு காப்பி போலீஸுக்கும் போயிருக்கு.”

என் அனுமதிச் சீட்டு அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியது. அன்னியராக வந்து மதப் பிரசாரம் செய்கிறாள் என்று கோப்பில் ஒரு வரி விழுந்தால் அந்தச் சீட்டு கிடைக்காது. இவருடைய சீட்டும் அதே கோப்பில்தான் இருக்கிறது. இரண்டு பேரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு தனுஷ்கோடிக்கு ரயில் ஏற வேண்டியதுதான். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் பின்னக் கணக்கில் அரைவாசியில் நிற்கிறார்கள் என்பதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது. ஊருக்குத் திரும்பினால் எனக்கு வேலை இல்லை என்பது இரண்டாவதாக.

5

ஆமா என்று சொல்லிப் பழகினால் போகிறது என்று நினைத்தேன். ஒரு கிழமை முழுதும் வீட்டில் ஆமா, ஆமா என்று பயிற்சி செய்தேன். நாக்கு கேட்கவே இல்லை. அவசரத்தில் ஓமா என்று வந்தது. “நீர் ஆமா சொல்லுறது, ஆரோ வேறை வீட்டு மனிசியைக் கூட்டிக்கொண்டு வந்த மாதிரிக் கிடக்கு” என்று இவர் சிரித்தார். நான் தட்டை எறியாதது எங்கள் இருவருடைய அதிர்ஷ்டம்.

ஆதாரம் தேடினேன். ஊரிலிருந்து வந்த கடிதங்களை எல்லாம் கொட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. நாம் பேசுவதுதான் ஓம். எழுதும்போது எல்லாரும் பண்டிதராகி ஆம் என்று எழுதுகிறோம். என் சொந்த அம்மாவே எனக்கு எதிராகச் சாட்சி சொல்வதுபோல இருந்தது.

கடைசியில் முனிரத்தினத்தின் வீட்டுக்குப் போனேன். அல்சூர்க் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வரிசை வீடு. சுவரில் புத்தர் படம், கீழே ஒரு தம்ளரில் சாமந்திப்பூ. என்னைக் கண்டதும் அவர் எழுந்தார். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். அவர் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் உட்கார்ந்தேன், குடித்தேன்.

இதை நான் எழுதியே ஆக வேண்டும். அந்த மனிதரை நான் வாசலில் நிறுத்திவைத்துப் பேசியவள். அவர் எனக்கு நாற்காலி தந்தார். ஊரில் எங்கள் வளவுக்குள் வேலைக்கு வந்தவர்களுக்கு நாங்கள் வாசலில்தான் தேத்தண்ணீர் கொடுத்தோம், அதுவும் தேங்காய்ச் சிரட்டையில். அவர்கள் வீட்டுப் படியை நான் மிதித்ததே இல்லை. இதை ஆண்டு மலரில் போடுவீர்களோ தெரியாது. போடாவிட்டாலும் நீங்கள் வாசித்துவிட்டீர்கள்.

“எங்கடை ஊரிலை ஓம் எண்டால் ஆமா எண்டு அர்த்தம்” என்றேன். “சாமி பேர் இல்லை. மந்திரம் இல்லை.”

முனிரத்தினம் பொறுமையாகக் கேட்டார். “நீங்க படிச்சவங்க, பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. ஆனா ஓம்னா ஆமான்னு எந்த ஊர்ல சொல்றாங்க? நாங்களும் தமிழுதானே டீச்சரம்மா?”

நான் தேத்தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைத்தேன்.

“எங்க தாத்தா காலத்துல அந்த வார்த்தைய நாங்க காதால கேட்டாக்கூட அடிப்பாங்க. நீங்கள்லாம் சொல்லக்கூடாதுன்னாங்க. அப்புறம் எங்கப்பா, போங்கடா, இனிமே நீங்களே சொல்லச் சொன்னாலும் நாங்க சொல்ல மாட்டோம்னு வெளிய வந்துட்டாரு. இப்ப எம் பொண்ணு ஸ்கூலுக்குப் போயி அத கத்துக்கினு வந்து எங்கப்பா படத்துக்கு முன்னால நின்னு சொல்லுது. எனக்கு எப்டி இருக்கும்?”

அவர் குரலை உயர்த்தவில்லை. பேச்சு வந்த நாளிலிருந்து நான் ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லும் சொல். அதைச் சொல்லக்கூடாது என்று அடி வாங்கிய மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. எங்கள் ஊர்க் கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போகும் சனங்களை நான் பார்த்திருக்கிறேன். ஏன் வெளியே நிற்கிறார்கள் என்று கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

மனுவைத் திரும்பப் பெறச் சொல்லி நான் கேட்கவில்லை.

6

விசாரணை பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. கல்வி இலாகா அதிகாரி கோட்டும் பஞ்சகச்சமுமாக வந்தார். கன்னடக்காரர். தமிழ் அளந்து பேசுவார். சாரதாம்மா பக்கத்தில் இருந்தார். முனிரத்தினம் அரைநாள் விடுப்புப் போட்டு வந்து ஓரத்து வாங்கில் இருந்தார். இவரும் வந்து கதவோரம் நின்றார், தொப்பியைக் கையில் பிசைந்தபடி.

முதலில் மாயாதேவியைக் கூப்பிட்டார்கள்.

“ஓம்னா என்னம்மா?” என்றார் அதிகாரி.

“ஆமான்னு அர்த்தம் சார்.”

“யாரு சொல்லிக் குடுத்தது?”

“டீச்சர், சார்.”

அதிகாரி எழுதிக்கொண்டார். அவர் எழுதிய விதத்தைப் பார்த்தால், பிள்ளைக்கு டீச்சர் விடையையும் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள் என்று எழுதுவது போலத்தான் இருந்தது. என்னைப் பார்த்து அரைமணி நேரம் கேள்வி கேட்டார். எந்த மதம், எந்தச் சங்கம், வகுப்பில் விபூதி கொடுத்ததுண்டா, பாட்டுச் சொல்லிக் கொடுத்ததுண்டா. ஒவ்வொன்றுக்கும் நான் நாக்கைக் கடித்துக்கொண்டு இல்லை சார், ஆமா சார் என்று பதில் சொன்னேன். பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு ஆமாவையும் எண்ணி எண்ணி வைத்தேன். நான் அவ்வளவு அழகாக ஆமா சொன்னதுதான் எனக்கு வினையாக முடிந்தது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “உங்க ஊர்ல ஆமாக்கு ஓம்னு சொல்றதா சொல்றீங்க. இங்க ஒரு தடவகூட அது வர்லியே? ஆமான்னுதானே சொல்றீங்க?”

தேவைப்படாத இடமெல்லாம் வாயில் வந்து நின்ற சொல்லை, தேவைப்பட்ட இடத்தில் நானே பூட்டி வைத்துவிட்டேன். சாரதாம்மா என்னைப் பார்த்தார். இப்போது வேண்டுமென்று ஓம் சொன்னால் நடிப்பு. சொல்லாவிட்டால் பொய்க்காரி.

அதிகாரிக்கே கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். குரலைத் தணித்தார். “சரி. போகட்டும். சின்ன வயசு. வேலைய எடுக்கணும்னு எனக்கு ஆசை இல்ல. இனிமே கிளாஸ்ல அந்தச் சப்தம் வரக்கூடாது, வாய்லேருந்து அந்த வார்த்த வராதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்ருங்க. நான் அப்டியே ரிப்போர்ட் எழுதிடறேன். ஒப்புக்கறீங்களா?”

வேலை போகாது. பெட்டி கட்ட வேண்டாம். அந்த ஆறுதலில் எனக்குக் கண் இருண்டு திரும்ப வெளிச்சம் வந்தது.

“ஓமோம்!” என்றேன்.

சாரதாம்மா கண்ணை மூடிக்கொண்டார். இவர் கூரையைப் பார்த்தார். அதிகாரியின் பேனா பாதி வழியில் நின்றது. நான் என்ன சொன்னேன் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது.

“ஐயோ, இல்லை சேர்! ஓம்... இல்லை, சொல்லமாட்டன் எண்டதுக்குத்தான் ஓம் எண்டு சொன்னனான்...”

ஓரத்து வாங்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முனிரத்தினம் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சிரித்தார். பொத்தியும் அடங்கவில்லை. தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“சார், இது மந்திரம் இல்ல சார். மந்திரத்த விட்டுர்றேன்னு ஒப்புக்கறதுக்கு யாராச்சும் அந்த மந்திரத்தையே சொல்வாங்களா? பயந்துபோயிக் கீறாங்க. வாய்ல வந்தது அவங்க ஊர்ப் பேச்சு. நெஜமாவே அங்க ஆமான்னா இதான் போலக்கீது.”

அதிகாரி என்னை உற்றுப் பார்த்தார். “நீங்க சிலோன்காரங்கதானே?” என்று திடீரென்று கேட்டார்.

“ஓ—” என்று தொடங்கிக் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவராலும் அடக்க முடியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, கன்னடத்தில் சாரதாம்மாவிடம் ஏதோ சொன்னார். நான் கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை இரண்டாகக் கிழித்தார். முனிரத்தினத்தைப் பார்த்து, மனுவை என்ன செய்வது என்று கேட்டார்.

“திருப்பிக் குடுத்துருங்க சார்” என்றார் அவர். “டீச்சரம்மா சொல்லட்டும். எம் பொண்ணும் சொல்லட்டும். எங்கள சொல்லக்கூடாதுன்னாங்களே, அந்த வார்த்த வேற. இது வேற.”

நான் அழுதேன். அதை மறைக்கப்போவதில்லை. மத்தியானத்துக்குப் பிறகு வகுப்புக்குப் போய்ப் பின்னக் கணக்கை விட்ட இடத்திலிருந்து தொடங்கி, “விளங்கிச்சோ?” என்று கேட்டேன். தட்டிக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பும் சேர்ந்து பதில் சொன்னது.

7

பத்து வருஷம் ஆகிறது. இப்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை இருக்கிறது. தட்டி போய்ச் சுவர் வந்துவிட்டது. என் வகுப்பில் பெயில் என்ற பேச்சே கிடையாது. மாயாதேவி ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். போன மாதம் வந்து என் பாடக்குறிப்பை வாங்கிக்கொண்டு போனாள்.

தோல்வி ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, வீட்டுக்குள்ளேயே. இங்கே பிறந்த என் மகன் குமரனுக்கு ஏழு வயது. தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ், எங்களோடு அல்சூர்த் தமிழ். சாப்பிட்டாயா என்றால் ஓமுக்குப் பதில் கன்னடத்தில் ஹௌது என்கிறான். போன கிழமை என்னிடம், “அம்மா, நீ பேசறது தமிழ்னு எங்க மிஸ் நம்ப மாட்டேங்கறாங்க” என்றான். ஊர் முழுக்க நாட்டிய சொல்லை என் பிள்ளையின் வாயில் நாட்ட முடியவில்லை. இவர் சிரிக்கிறார். எனக்குச் சில நாள் நெஞ்சில் குத்துகிறது, சில நாள் நானும் சிரித்துவிடுகிறேன். மூன்று பாஷையிலும் பொய் சொல்லத் தெரிந்த பிள்ளை எப்படியும் பிழைத்துக்கொள்வான்.

8

அதிகாரி சிரித்துவிட்டுப் போனதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தீர்களானால், உங்களுக்குக் கந்தோர்களைப் பற்றித் தெரியாது. மனு திரும்பியது. ஆனால் போலீஸுக்குப் போன காப்பி கோப்பில் அப்படியே இருந்தது. அந்த விசாரணை முடிந்த கையோடு சீட்டைப் புதுப்பிக்கப் போனபோது எழுத்தர் அதை எடுத்து வைத்துக்கொண்டு, புகார் வந்த ஆள் என்பதால் ஜாமீன் வேண்டும் என்றார். உள்ளூரில் குடியிருக்கும் இந்தியப் பிரஜை, அதுவும் உறவினராக இருக்க வேண்டும். இவர் அன்னியர், செல்லாது. சாரதாம்மா எனக்கு மேலதிகாரி, செல்லாது. இந்த ஊரில் எனக்கு உறவென்று வேறு யார் இருக்கிறார்கள்? சீட்டு முடிய ஐந்து நாள் இருந்தது.

மறுநாள் காலை மகளைக் கொண்டுவந்து விட்ட முனிரத்தினம், “பேப்பர் ஆச்சா டீச்சரம்மா?” என்று கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன்.

“எத்தினி மணிக்குப் போவணும்?” என்றார்.

வெள்ளைச் சட்டையில் வந்தார். வீட்டு வரி ரசீதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். எழுத்தர் ரசீதைப் பார்த்தார், சரி என்றார். பேரை எழுதினார், விலாசத்தை எழுதினார். பிறகு பேனாவைத் தூக்கிக்கொண்டு, “ஏன் சம்பந்தா?” என்றார். என்ன உறவு என்று கேட்கிறார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். முனிரத்தினம் முந்திக்கொண்டார்.

“தங்கச்சி.”

எழுத்தர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கோப்பைப் புரட்டி மனுவின் காப்பியை எடுத்து, அடியில் இருந்த கையெழுத்தை விரலால் தொட்டார். தமிழுக்கு மாறினார்.

“இந்தம்மா மேல கம்ப்ளெய்ன்ட் குடுத்தது நீங்கதானே?”

“நான்தான் சார்.”

“அப்புறம் தங்கச்சின்றீங்க?”

“ஏன் சார், உங்க வூட்ல அண்ணன் தங்கச்சிக்குள்ள சண்டையே வராதா?” என்றார் முனிரத்தினம். “எழுதிக்கோங்க.”

எழுத்தர் எழுதிக்கொண்டார்.